அண்டை வீட்டு விண்மீன்

இரவு வானில் வெறுங்கண்ணால் காணத்தக்க விண்மீன்களுள் நமக்கு அருகில் உள்ளவை எவை என்று கேட்டால், பெரும்பாலோர் மிகுதியாக ஒளிர்வனவற்றையே சுட்டிக் காட்டுவர். ஒளி மிக்கது அண்மையில் உள்ளது, ஒளி குன்றியது சேய்மையில் உள்ளது என்று எண்ணுவது இயல்பு. தெருவிளக்குகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவே சரியெனவும் தோன்றும். ஆயின் விண்வெளியில் இக்கணக்குப் பொருந்துவதில்லை. கண்ணைப் பறிக்கும் மீன்கள் சில பல நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கின்றன. அடுத்த வீட்டில் குடியிருப்பது போல் அருகிலிருக்கும் சில மீன்களோ, பெயர் சொல்லி அழைப்பாரின்றி மங்கலாக ஒளிர்கின்றன.

அத்தகைய மீன் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. எரிடானஸ் என்னும் விண்மீன் குழுவில் இடம்பெற்றுள்ள அதனை வானியலார் எப்சிலான் எரிடானி என்று குறிப்பர். நம்மிடமிருந்து அதன் தொலைவு 10.5 ஒளியாண்டு; அதாவது ஏறத்தாழ 99 லட்சம் கோடி கிலோமீட்டர். இதனை ‘அருகில்’ என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும், சூரியனை நீக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை எண்ணினால், 4.4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆல்ஃபா சென்டாரி முதலாவது, 8.6 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சிரியஸ் இரண்டாவது. மூன்றாவது இடம் இந்த மீனுக்கே உரியது. செம்மஞ்சள் நிறம் வாய்ந்த இம்மீனை நம் ஊர்களிலிருந்தே காண இயலும். அதற்குத் தொலைநோக்கியும் தேவையில்லை.

நிறம் கூறும் செய்தி

கொல்லன் உலையில் இரும்பு காய்வதைப் பார்த்தவர்கள் விண்மீன்களின் நிறத்தை எளிதில் உணர்ந்து கொள்வர். இரும்பு முதலில் சிவக்கும், பின்னர்ச் செம்மஞ்சளாகும், மேலும் காய்ந்தால் வெண்மையாகும். விண்மீன்களும் அவ்வாறே. வேட்டுவன் வடிவாகக் கருதப்படும் ஓரியன் குழுவின் ஒரு தோளில் ஒளிரும் திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,300 பாகை செல்சியசு. அது செந்நிறமாகத் தெரிகிறது. அதே குழுவில் வேட்டுவனின் பாதமாக விளங்கும் ரைஜெல் 11,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. அது நீலங்கலந்த வெண்மையாக மின்னுகிறது. நம் சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை. எப்சிலான் எரிடானியோ 4,800 பாகை அளவினது. ஆகவே அது சூரியனைவிடச் சற்றுச் சிவந்த, செம்மஞ்சள் மீனாக இருக்கிறது.

உருவிலும் அது சிறியதே. அதன் குறுக்களவு சூரியனுடையதில் முக்கால் பங்கு. நிறை ஐந்தில் நான்கு பங்கு. அது வெளியிடும் ஒளி சூரியனின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே ஆகும். அருகில் இருந்தும் மங்கலாகத் தெரிவதற்கு இதுவே காரணம். இதனோடு நாமறிந்த ரோகிணியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரோகிணியும் செம்மஞ்சள் மீன்தான். ஆனால் அது சூரியனைவிட 40 மடங்குக்கும் மேல் அகன்று பருத்த பெருமீன். 65 ஒளியாண்டுத் தொலைவில், அதாவது எப்சிலான் எரிடானியைவிட ஆறு மடங்கு அப்பால் இருந்துகொண்டும், வானின் முதல்தர மீன்களுள் ஒன்றாக அது ஒளிர்கிறது. ரைஜெலோ ஏறத்தாழ 860 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அரண்மனையின் தீவட்டி அடுத்த ஊர் வரை தெரிகிறது. அண்டை வீட்டு அகல்விளக்கு உற்று நோக்கினால்தான் தெரிகிறது.

அகல்விளக்குக்கு ஒரு சிறப்பு உண்டு. அது எண்ணெயைச் சிக்கனமாகச் செலவிடும். செம்மஞ்சள் நிறச் சிறுமீன்களும் தம் எரிபொருளைச் சிக்கனமாகவே எரிப்பதால் சூரியனைவிட நெடுங்காலம் வாழ்கின்றன. நம் மீனுக்கு இப்போது இளம்பருவம். சூரியனின் வயது 460 கோடி ஆண்டுகள். இதன் வயதோ 100 கோடி ஆண்டுகளுக்கும் குறைவு. இளமைக்குரிய துடிப்பும் அதனிடம் காணப்படுகிறது. சூரியன் தன்னைத்தான் சுற்ற 25 நாட்களுக்கு மேல் எடுத்துக் கொள்ள, இது 11 நாட்களில் சுற்றி விடுகிறது. அதனால் காந்தப் புயல்களும் கரும்புள்ளிகளும் இதில் மிகுதி.

வானத்து ஆறு

எரிடானஸ் என்பது கிரேக்கர் கூறிய ஓர் ஆற்றின் பெயர். ரைஜெலின் அருகே தோன்றி மேற்கு நோக்கி ஓடி, பின் வளைந்து நெளிந்து தென்திசை அடிவானை நோக்கிச் செல்லும் மங்கலான மீன்வரிசையை அவர்கள் ஆறாகக் கற்பனை செய்தனர். அரபியரும் இதனை ‘அன்னஹ்ரு’, அதாவது ஆறு என்றே வழங்கினர். இந்த ஆற்றின் கரையில் நின்று பார்த்தால் அரபுச் சொற்கள் பல மிதந்து வருவதைக் காணலாம். ‘ஸவ்ரக்’ என்றால் படகு. ஆற்றின் நடுவே ஒளிரும் சிவந்த மீன் ஒன்று இன்றும் ஸவ்ரக் என்றே உலக வானியல் ஏடுகளில் குறிக்கப்படுகிறது. ஆற்றின் முடிவிலுள்ள ஒளிமிக்க மீன் அக்கர்னார். ‘ஆற்றின் இறுதி’ எனப் பொருள்படும் ‘ஆகிருன் நஹ்ர்’ என்பதன் திரிபே அது.

பாலைவனத்து அரபியர் கிரேக்கரின் கற்பனையோடு நின்றுவிடவில்லை. வானின் இப்பகுதியில் அவர்கள் தம் மண்ணின் காட்சியைக் கண்டனர். தீக்கோழிகள் அடைகாக்கும் கூடும், அதைச் சுற்றி முட்டைகளும், உடைந்த முட்டை ஓடுகளும் அவர்களுக்குத் தெரிந்தன. ‘பைள்’ என்றால் முட்டை. ‘கைள்’ என்றால் முட்டை ஓடு. இவ்விரு சொற்களும் பெய்த், கெய்த் எனத் திரிந்து, அருகருகே உள்ள இரு மீன்களுக்குப் பெயர்களாக நிலைத்துவிட்டன. இவற்றுள் கெய்த் என்பதும் ஓர் அண்டை மீனே. 16.3 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதுவும் செம்மஞ்சள் நிறச் சிறுமீன்தான். ஆற்று வெள்ளம் அறியாத பாலை மக்கள், ஆற்றங்கரையில் தம் தீக்கோழியைக் குடியேற்றிய அழகு எண்ணி மகிழத்தக்கது.

நம் மரபில் இம்மீனுக்குத் தனிப் பெயர் வழங்காமை வியப்பன்று. அசுவினி முதல் ரேவதி வரையிலான 27 நாள்மீன்களும் திங்களின் பாதையை ஒட்டியவை. எரிடானஸ் ஆறு அப்பாதைக்குத் தெற்கே வெகுதொலைவில் ஓடுகிறது. திங்கள் தங்கிச் செல்லாத வீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

காணும் முறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுக்கும் மார்கழி, தை மாதங்களே இம்மீனைக் காண ஏற்றவை. சனவரித் திங்களின் முற்பகுதியில் இரவு எட்டரை மணியளவில், தமிழகத்திலிருந்து பார்ப்போருக்குத் தென்வானில் இது மிக உயரத்தில், தலைக்கு மேலிருந்து தெற்கே 20 பாகை மட்டும் சாய்ந்து நிற்கும். நிலவொளி இல்லாத இரவாக இருத்தல் வேண்டும். மாலையில் பிறை பார்த்துவிட்டு உடனே வீடு திரும்பிவிடுவது நம் வழக்கம். பிறை மறைந்த பின்னர் வரும் அந்த இரவே மாதத்தின் இருள் மிகுந்த இரவுகளுள் ஒன்று என்பதை நினைவில் கொள்ளலாம். விளக்கு வெளிச்சம் படாத இடத்தில் கால்மணி நேரம் நின்றால் கண்கள் இருளுக்குப் பழகிவிடும்.

முதலில் கிழக்கு வானில் ஓரியனைக் காண வேண்டும். நடுவே ஒரே வரிசையில் மூன்று மீன்கள் அடுத்தடுத்து நிற்பதால் அதனை எவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர். அம்மூன்றுக்கு வடபுறம் செந்நிறத் திருவாதிரை. தென்புறம் வெண்ணிற ரைஜெல். இனிக் கையை நீட்டி, விரல்களை அகல விரித்து, ரைஜெலிலிருந்து நேர் மேற்கே ஒரு சாணும் அதன்மேல் மூன்று விரலும் அளக்க வேண்டும். நீட்டிய கையின் ஒரு சாண் வானில் ஏறத்தாழ 20 பாகையைக் காட்டும். ஒட்டிய மூன்று விரல்கள் 5 பாகையைக் காட்டும். அந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை விரல் இடைவெளியில் இரு மீன்கள் இணையாக நிற்கும். ரைஜெலுக்கு அருகிலிருக்கும் கீழைமீன் டெல்டா எரிடானி. அதற்கு மேற்கே நிற்பதே நாம் தேடும் எப்சிலான் எரிடானி.

நிறம் உடனே தெரியாவிடின் மனந்தளர வேண்டியதில்லை. மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் நுண்ணுறுப்புகள் நன்கு தொழிற்படுவதில்லை. சாதாரண இருகண் நோக்கி ஒன்று இருப்பின், குவியத்தைச் சற்றே கலைத்துப் பார்த்தால் ஒளிப்புள்ளி சிறு வட்டமாக விரியும். அப்போது அதன் மெல்லிய செம்மஞ்சள் புலப்படும். உடனே இருகண் நோக்கியை ரைஜெலின் பக்கம் திருப்பி ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும்.

பாடம் ஒப்புநோக்கியோர்

இம்மீனை முதலில் ஏட்டில் பதிவு செய்தவர்களுள் நமக்குத் தெரிந்தவர் தாலமி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த அவர், தம் நூலின் விண்மீன் பட்டியலில் இதற்கு இடமளித்தார். அந்நூலை இன்று உலகம் ‘அல்மஜெஸ்ட்’ என்று அழைப்பது, அது அரபு மொழி வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்ததற்குச் சான்றாகும்.

அதன் பின்னர் வந்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. கி.பி. 964-ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய ‘கிதாபு ஸுவரில் கவாகிப்’ என்னும் நிலைத்த விண்மீன்களின் நூல் 48 விண்மீன் குழுக்களையும் விளக்குகிறது. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு படங்கள் வரையப்பட்டன. ஒன்று வானில் தெரிவது போல; மற்றொன்று வான்கோள உருண்டையின் வெளியிலிருந்து பார்ப்பது போல. தாலமியிடம் அவருக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் தாலமி கூறிய ஒளித்தரங்களை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இரவுதோறும் தாமே நோக்கி, ஒவ்வொரு மீனும் எத்தரத்தது என்று மதிப்பிட்டு, வேறுபாடு கண்ட இடங்களில் அதைத் தயங்காது எழுதினார். நம் மீனை அவர் மூன்றாம் தரத்தில் வைத்தார். இன்றைய கருவிகள் காட்டும் அளவு 3.73.

அல்பிரூனி கி.பி. 1030-ஆம் ஆண்டளவில் இயற்றிய மஸ்ஊதி வானியல் நூலில், தாலமி கூறிய தரத்தையும் அஸ்ஸூஃபி கூறிய தரத்தையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒரு பிரதியின் பாடத்தையும் மறுபிரதியின் பாடத்தையும் ஒப்புநோக்கிப் பதிப்பித்த தமிழ்ப் பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்த நமக்கு, அல்பிரூனியின் இச்செயல் அயலாகத் தோன்றாது. பின்னர்ச் சமர்கந்து நகரை ஆண்ட உலூக் பெக், அங்கே பெரியதொரு வானாய்வகம் எழுப்பினார். தம் அறிஞர் குழுவுடன் விண்மீன்களின் இடங்களைப் புதிதாக அளந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட மீன்களின் பட்டியலை 1437-ஆம் ஆண்டில் முடித்தார். அதிலும் நம் மீன் உண்டு. 1603-இல் செர்மானியரான யோகான் பேயர் வெளியிட்ட விண்மீன் வரைபடத்தில்தான் இதற்கு ‘எப்சிலான்’ என்னும் கிரேக்க எழுத்து அடையாளமாகக் கிடைத்தது.

இவ்வாறு பல நூற்றாண்டுகளாக அளந்ததன் பயன் பின்னர் விளங்கிற்று. ‘நிலைத்த மீன்’ என்று அனைவரும் கருதியது நிலைத்ததன்று. அருகில் இருப்பதால் இதன் நகர்ச்சி நமக்குத் தெரிகிறது. ஆண்டுக்கு ஒரு விகலை அளவுக்கு இது இடம் பெயர்கிறது. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. தாலமியின் காலத்திலிருந்து இன்றுவரை இது நகர்ந்துள்ள தூரம், வானில் ஒரு முழு நிலவின் அகலத்துக்குச் சமம். அஸ்ஸூஃபி கண்ட இடத்திலிருந்து அரை நிலவகலத்துக்குச் சற்று மேலாக அது விலகியிருக்கிறது. ஒரு மனிதரின் வாழ்நாளில் கண் உணராத இந்த நகர்ச்சியைத் தலைமுறைகள் கூடி எழுதி வைத்த ஏடு உணர்த்துகிறது.

தொலைவை அளக்கும் முறையும் எளிய கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. முகத்துக்கு முன் ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறுகண்ணை மூடியும் பார்த்தால் விரல் இடம் மாறுவது போல் தோன்றும். புவி சூரியனைச் சுற்றுவதால், ஆறு மாத இடைவெளியில் பார்க்கும்போது அருகிலுள்ள மீனும் தொலைவிலுள்ள மீன்களுக்கு முன்னே இடம் மாறித் தோன்றும். நம் மீனுக்கு அந்தக் கோணத்தில் பாதியை இடமாறு தோற்றக் கோணம் என்பர். அது 0.31 விகலை மட்டுமே. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றை 17 கிலோமீட்டருக்கு அப்பால் நின்று பார்த்தால் எவ்வளவு சிறுத்துத் தெரியுமோ, அவ்வளவு நுண்ணிய கோணம் அது.

கண்ணாலும் காதாலும்

1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் இம்மீன் வேறொரு வகையில் புகழ் பெற்றது. அமெரிக்க வானியலார் ஃபிராங்க் டிரேக், மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் 26 மீட்டர் அகலமுள்ள வானொலித் தொலைநோக்கியைத் திருப்பி, வேற்றுலக அறிவுயிர்கள் அனுப்பும் சைகை ஏதேனும் வருகிறதா என்று செவிமடுத்தார். ‘ஓஸ்மா’ எனப் பெயரிடப்பட்ட அத்திட்டத்தில் அவர் தேர்ந்தெடுத்தவை இரண்டே மீன்கள். ஒன்று டௌ செட்டி. மற்றொன்று எப்சிலான் எரிடானி. இம்மீனை நோக்கித் திருப்பிய தொடக்கத்திலேயே வலிய துடிப்பொலி ஒன்று கேட்டு, ஆய்வாளர்களைத் திடுக்கிட வைத்தது. அது புவியில் தோன்றிய சைகையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மீனிலிருந்து எச்செய்தியும் வரவில்லை. ஆனால் அறிவியல் முறைப்படி அவ்வாறு கேட்க முடியும் என்பது அன்றே நிறுவப்பட்டது.

1983-இல் ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் இம்மீனைச் சுற்றித் தூசு இருப்பதைக் கண்டறிந்தது. 1998-இல் ஹவாய்த் தீவிலுள்ள தொலைநோக்கி அத்தூசை வளையமாகப் படம் பிடித்தது. நம் சூரியக் குடும்பத்தின் விளிம்பில் உள்ள பனிப்பாறைப் பட்டையை ஒத்தது அவ்வளையம். 2000-ஆம் ஆண்டில் வியாழனைப் போன்ற கோள் ஒன்று இம்மீனைச் சுற்றுவதாக அறிவிக்கப்பட்டது. கோளின் ஈர்ப்பால் மீன் இப்படியும் அப்படியும் சற்றே அசைவதைக் கொண்டே அதனைக் கணித்தனர். மீனின் இளமைத் துடிப்பே அவ்வாறு அசைவு போல் தோற்றுகிறதோ என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. 2019-இல் வெளிவந்த ஆய்வு முதலான பிற்கால ஆய்வுகள் அக்கோள் இருப்பதை வலுப்படுத்தின. ஏழு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகும் அதன் ஒரு சுற்று.

2015-ஆம் ஆண்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் உலக மக்களின் வாக்கெடுப்பின் வழி சில மீன்களுக்கும் கோள்களுக்கும் பெயர் சூட்டியது. நம் மீனுக்கு ‘ரான்’ என்றும், அதன் கோளுக்கு ‘ஏகிர்’ என்றும் பெயர்கள் கிடைத்தன. இரண்டும் வடபுல நார்சு மக்களின் தொன்மத்தில் வரும் கடல் சார்ந்த பெயர்கள். அவற்றை முன்மொழிந்தவர்கள் பேரறிஞர்கள் அல்லர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்பு மாணவர்கள்.

நிறைவாக

விழா மேடைகளிலும் மலர்களின் பக்கங்களிலும் முன்னோர் வானியலுக்கு ஆற்றிய தொண்டினைப் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். அது செய்யத்தக்கதே. ஆனால் அவர்கள் பெயரிட்ட மீன்களுள் ஒன்றையேனும் வானில் சுட்டிக் காட்டுக என்று ஒரு சிறுவன் கேட்டால், நம்மில் எத்தனை பேரால் இயலும்? அஸ்ஸூஃபியின் பெருமை, அவர் தாலமியைப் புகழ்ந்ததால் வந்ததன்று. தாலமி சொன்னதைத் தம் கண்ணால் சோதித்ததால் வந்தது. அவருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே. புகழுரை கேட்டு வளரும் மாணவன் சான்றிதழ் பெறுவான். வானத்தை நிமிர்ந்து பார்த்து வளரும் மாணவன் வினா எழுப்புவான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளால் ஒரு விண்மீனுக்குப் பெயர் முன்மொழிய முடிந்தது என்றால், நம் பிள்ளைகளால் அதனைப் பார்த்தறியவும் முடியும், ஒரு நாள் அளந்தறியவும் முடியும்.

நம் சமுதாயத்துக்கு வானத்தைப் பார்ப்பது புதிதன்று. மாதந்தோறும் மேற்கு வானில் பிறை தேடும் பெரியவர்கள் ஊர்தோறும் இருக்கின்றனர். அவர்கள் கண் கூர்மை நாமறிந்ததே. மார்கழி, தை மாதங்களில் பிறை கண்டபின் இன்னும் ஒன்றரை மணி நேரம் மைதானத்தில் பிள்ளைகளுடன் நின்றால் போதும். ரைஜெலிலிருந்து ஒரு சாணும் மூன்று விரலும் அளந்து காட்டலாம்.

அப்போது நம் கண்ணில் வந்து விழும் ஒளி, பத்தரை ஆண்டுகளுக்கு முன்னர் அம்மீனை விட்டுப் புறப்பட்டது. இவ்வாண்டு கல்லூரியில் காலெடுத்து வைத்த மாணவர் அன்று இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்துக் கொண்டிருந்திருப்பார். அவர் படித்து, வளர்ந்து, இங்கு வந்து சேர எடுத்துக் கொண்ட காலம் முழுவதும் அந்த ஒளியும் வழியிலேயே இருந்தது. அது வந்து சேரும் இரவில் அதனை எதிர்கொள்ள ஒருவரேனும் வெளியே நிற்க வேண்டாமா?